தாலிச் சங்கிலியும் லிமிட் பஞ்சாயத்தும்

மதுரை ரிங் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த அம்மாவின் தாலிச் சங்கிலியை, பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா விடாமல் பிடித்ததில் தாலியும் ஒன்றரைப் பவுனும் கையில் தங்கின. மூன்றரைப் பவுன் போனது. விழுந்ததில் முழங்கையில் நல்ல அடி.

பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். "அது எங்க லிமிட் இல்ல சார்" என்றார் ரைட்டர். அடுத்த ஸ்டேஷனிலும் அதே பாட்டு. மாநகரப் போலீஸ் எங்கே முடிகிறது, மாவட்டப் போலீஸ் எங்கே தொடங்குகிறது என்பது திருடனுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியவில்லை.

வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் அத்தை மகனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, 2024 ஜூலை 1ல வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், 173வது பிரிவு. குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகாரை வாங்கணும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு, சம்பவம் நடந்த லிமிட் ஸ்டேஷனுக்கு அவங்களே மாத்தி அனுப்பணும். மாட்டேன்னா கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு" என்றான். திரும்பிப் போய்ச் சொன்னதும் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அது மனு வாங்கியதற்கான சீட்டு, அவ்வளவுதான். மறுநாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. நகல் இலவசம், கேட்டு வாங்கினேன்.

நடுவில் ராஜாஜி ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டதும் அம்மா, "கீழ விழுந்துட்டேன்யா" என்று ஆரம்பித்துவிட்டார். சட்டென்று குறுக்கே புகுந்து நடந்ததைச் சொல்ல வைத்தேன். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில், அதுதானே ஏறும்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானே போய்க் கேட்டபோதுதான் நகை ரெக்கவரி ஆகிவிட்டது தெரிந்தது.

நகையை வாங்க கோர்ட்டில் மனு போட வேண்டும். ஜில்லா கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். 15100க்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். கடை பில் தொலைந்துபோயிருந்தது. சித்தி மகள் கல்யாண ஆல்பத்தில் அம்மா அந்தச் சங்கிலியோடு நிற்கும் படம்தான் கைகொடுத்தது.

விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அறுந்ததை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா என்று கேட்டேன். "கேஸ் முடியட்டும் தம்பி" என்றார் வக்கீல். சங்கிலி பீரோவில் இருக்கிறது. தாலி இப்போது மஞ்சள் கயிற்றில்.