உதவிக் கடிதத்தில் எது உதவி, எது கடன்?

2025 மார்ச்சில், நான் விண்ணப்பித்திருந்த அமெரிக்கத் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்களுக்கான நிதியுதவி 38,000 டாலர்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மா அதை அச்செடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டார். அப்பாதான் சாயங்காலம் எடுத்து உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

அந்த 38,000-இல் திருப்பித் தர வேண்டாத பணம் 15,500 மட்டுமே. 5,500 என் பெயரில் அரசுக் கடன். 3,000 ஒர்க் ஸ்டடி, அதாவது வளாகத்தில் வேலை பார்த்து நானே சம்பாதிக்க வேண்டியது; கல்லூரி பில்லில் கழியாது. மீதி 14,000 பேரன்ட் பிளஸ் கடன், அதாவது அப்பா அம்மா வாங்கிக் கட்ட வேண்டிய கடன். அதையும் கூட்டி "உதவி" என்று எழுத எப்படித்தான் மனசு வந்ததோ! ஆண்டுச் செலவு 72,000. அதிலிருந்து 15,500-ஐக் கழித்தால் 56,500. எங்களுக்கான உண்மையான விலை அதுதான்.

அன்று முதல் எந்தக் கடிதம் வந்தாலும் ஒரே கணக்குதான் போட்டோம். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவிலிருந்து, திருப்பித் தர வேண்டாத கிராண்ட் (உதவித்தொகை), ஸ்காலர்ஷிப் இரண்டை மட்டும் கழிப்பது. கடன் பக்கம் அதற்கு அப்புறம்தான் பார்ப்பது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தில் கிராண்ட் வெறும் 6,000. ஆனால் மொத்தச் செலவே 29,000 என்பதால் எங்கள் பங்கு 23,000-இல் நின்றது. இப்படிக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் எர்லி டிசிஷன் என்னும் முன்கூட்டிய விண்ணப்பத்தைப் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அதில் இடம் கிடைத்தால் சேர்வதாக முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு கடிதம் இருக்காது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் தோராயமான விலை தெரிந்துவிடும்.

சரி, ஃபாஃப்சா படிவத்துக்கு வருகிறேன்; அமெரிக்கக் கூட்டரசின் நிதியுதவி கேட்டுப் போடும் விண்ணப்பம் அது. வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். எங்கள் வருடம் எல்லோருக்கும் திறக்க நவம்பர் பிற்பகுதி ஆகிவிட்டது. படிவம் ஒன்றும் கஷ்டமில்லை, ஒரு மணி நேர வேலை. எங்களை இழுத்தடித்தது பெயர்தான். மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று எனத் தனித்தனி இணையக் கணக்கு வேண்டும். அதில் கொடுக்கும் பெயர் சோஷியல் செக்யூரிட்டி (அரசு அடையாள எண்) அட்டையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். நம் வீடுகளில் இனிஷியல் எப்போது கடைசிப் பெயராகும், எப்போது முதல் பெயராகும் என்று யாருக்குத் தெரியும்? அப்பாவின் அட்டையில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை. சரிபார்ப்பு முடிய ஒரு வாரம் போயிற்று. கணக்குகளை மட்டும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். பெற்றோர் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் கணக்கு போதும். ஐ.ஆர்.எஸ். என்னும் வரித் துறையிலிருந்து வரி விவரத்தை எடுக்க அவர் சம்மதம் தரத்தான் வேண்டும். தராவிட்டால் கூட்டரசு உதவி எதுவும் கிடைக்காது.

அடுத்து சொத்துக் கேள்வி. அம்மா 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புத் தொகையை முதலீட்டுக் கட்டத்தில் போடப் போனார், நல்லவேளை, தடுத்துவிட்டேன். ஓய்வூதியக் கணக்கில் இருப்பதையும் குடியிருக்கும் வீட்டையும் ஃபாஃப்சா சொத்தாக எடுப்பதில்லை. ஆனால் ஊரில் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வைத்திருக்கும் மனை? "அது இந்தியாவில் இருக்கிறது, இவர்களுக்கு எதற்கு?" என்றார் அப்பா. குடியிருக்கும் வீடு தவிர மற்ற மனை, வீடு எல்லாமே முதலீடுதான், எந்த நாட்டில் இருந்தாலும். அப்பாவின் பங்கை மட்டும் டாலரில் மாற்றிப் போட்டோம். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை.

பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும், நீங்கள் குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் ஃபாஃப்சா போடலாம். நீங்களே எச்-4-இல் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் கூட்டரசு உதவி கிடையாது. சில மாநிலங்களும் கல்லூரிகளும் சொந்தப் பணத்தில் உதவுகின்றன, அங்கே கேளுங்கள். பல தனியார் கல்லூரிகள் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்று இன்னொரு படிவமும் கேட்கும். அது வீட்டின் மதிப்பைக்கூட விடாது.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் அப்பீல், அதாவது உதவித் தொகையை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது. 2025-26 படிவம் பார்த்தது 2023-ஆம் ஆண்டு வரியை. அப்பாவுக்கு வேலை போனது 2024 வசந்தத்தில். படிவத்தின் கண்ணுக்கு அவர் இன்னும் முழுச் சம்பளக்காரர்! இதைச் சொல்லப் படிவத்தில் இடமே இல்லை, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, நடப்பு ஆண்டு வருமான மதிப்பீடு எல்லாவற்றையும் இணைத்து ஒரே பக்கத்தில் எழுதினேன். புலம்பலைக் குறைத்துத் தேதியையும் தொகையையும் மட்டும் வைத்தேன். தனியார் கல்லூரி மாற்றமில்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் அனுப்பிய தாள் வரவில்லை என்று இரண்டு முறை சொன்னார்கள். மூன்றாவது முறை ரசீது எண்ணோடு தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் கிராண்ட் 4,000 கூடியது. மே 1-க்குள் முடிவு சொல்லியாக வேண்டும், நான்கு நாள் மிச்சமிருந்தது.

பல்கலைக்கழகத்தில் சேருகிறேன் என்று சொல்லும் முன் இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்த கிராண்ட் நான்கு வருடமும் வருமா, எத்தனை ஜி.பி.ஏ.வுக்குக் (சராசரி மதிப்பெண்) கீழே போனால் நிற்கும்? வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வாங்கினால் உங்கள் கிராண்டைக் குறைப்பீர்களா? இரண்டாவதற்கு "முதலில் கடனைத்தான் குறைப்போம்" என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.