'கை' என்றால் எதுவரை?

டாஷ் கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. தோளிலிருந்து விரல்வரை எங்கே கோளாறு என்றாலும், அன்றாட வேலைக்கு எவ்வளவு சிரமம் என்று அளக்க நோயாளியே நிரப்பும் 30 கேள்விகள். மூலத்தாரிடம் அனுமதி, இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த தமிழாக்கம், இரண்டையும் ஒன்றாக்கியது எல்லாம் சிக்கலில்லாமல் போயின. மாட்டிக்கொண்டது அதற்கு அப்புறம்தான்.

பொருள் மாறவில்லையே என்று பார்க்க, தமிழை மறுபடி ஆங்கிலமாக்க இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்குக் கேள்வித்தாளின் நோக்கம் தெரிந்திருக்கக் கூடாது, மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களே நல்லது. இது தெரிந்தும் அவசரத்தில் இரண்டு பிசியோதெரபிஸ்டுகளிடம் கொடுத்துவிட்டோம். திரும்பி வந்த ஆங்கிலம் மூலத்தோடு வரிக்கு வரி பொருந்தியது. அன்று எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் தமிழில் இருந்த ஓட்டையை, மூலம் மனப்பாடமான அந்த இருவரும் தங்களை அறியாமலே அடைத்திருக்கிறார்கள்.

முன்னோட்டத்தில் குட்டு உடைந்தது. 30 முதல் 40 பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்க வேண்டிய கட்டம் அது. முழங்கை வலியோடு வந்த ஒருவர் 'தோள் அல்லது கையில் வலி' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வட்டம் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டி, "கை நல்லாத்தான் சார் இருக்கு, முழங்கையிலதான் வலி" என்றார். ஆங்கிலத்தில் ஆர்ம், ஹேண்ட் என்று இரண்டு சொல். நமக்கு இரண்டும் கைதான். ஒரே சொல் இரண்டு முறை வருகிறதே என்று நாங்கள் ஒன்றை வெட்டியிருந்தோம்.

'கூச்ச உணர்வு' என்று எழுதியதும் தப்பு. ஒரு அம்மா அதை வெட்கம் என்றே படித்தார். 'ஊசி குத்துவது போல் சுருக் சுருக்கென்று' என மாற்றினோம், அப்புறம் யாரும் தயங்கவில்லை. அகராதிச் சொல்லை நம்புவதற்கு முன் நோயாளிகள் அந்த வேதனையை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

'கை என்று வரும் இடமெல்லாம் தோள்பட்டை முதல் விரல் நுனி வரை' என்ற வரியைச் சேர்த்தோம். திருத்திய தாள் மறுபடி, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போனது. மறுமொழிபெயர்ப்பும் முதலிலிருந்து, இந்த முறை ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரும். மூன்று மாதம் வீண்.

இன்னொரு எச்சரிக்கை. 27 கேள்விக்காவது பதில் இல்லாவிட்டால் ஸ்கோர் போட முடியாது. தாம்பத்தியம் பற்றிய 21ஆம் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள், அதற்கு அவர்களை வற்புறுத்தாதீர்கள். ஆனால் அதோடு விளையாட்டுக் கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் போனால் தாள் போச்சு. 'போன வாரம் செய்யாத வேலையாக இருந்தால், செய்தால் எவ்வளவு சிரமமாக இருக்கும் என்று உத்தேசமாகக் குறிக்கவும்' என்று தாளிலேயே இருக்கும். யாரும் படிப்பதில்லை, நீங்களே வாசித்துக் காட்டிவிடுங்கள்.

பதில் மாறாமல் வருகிறதா என்று பார்க்க, அதே ஆளிடம் சில நாள் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லும் சோதனையில் ஏழு பேரை இழந்தோம். நடுவில் அவர்கள் சிகிச்சைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், வலி மாறினால் பதிலும் மாறிவிடும். சிகிச்சை தொடங்கும் தேதியைக் கேட்டுவிட்டு அடுத்த வருகையைக் குறியுங்கள்.