எட்டாம் கிரேடு ட்ரம்ஸ் தேர்வும் அதற்குப் பிறகு வரும் கேள்வியும்

ராக்ஸ்கூல் என்ற இசைத் தேர்வு அமைப்பின் ட்ரம்ஸ் எட்டாம் கிரேடுக்குத் தயாராகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ருடிமென்ட் (குச்சியால் பழகும் அடிப்படை அடிகள்) பற்றித்தான். தேர்வு முடிந்து ஒரு பேண்டில் சேர்ந்ததும் கேள்வி மாறிவிடும். "அண்ணே, ட்ரம்மர் லீட் பண்ணணுமா, மத்தவங்கள ஃபாலோ பண்ணணுமா?" இரண்டுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். தேர்வுக்கு நாம் தயாராகிற விதத்திலேயே இரண்டாவது கேள்வியின் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

முதலில் மதிப்பெண் கணக்கு. மூன்று பாடல்களுக்கு 60, டெக்னிக்கல் பயிற்சிகளுக்கு 15, புதிதாகக் கொடுக்கப்படும் துண்டை வாசிப்பதற்கு 10, காது சோதனைக்கு 10, பொதுவான இசைக் கேள்விகளுக்கு 5. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 74, டிஸ்டிங்ஷனுக்கு 90. பாதிக்கு மேல் பாடல்களில் இருக்கிறது. அந்தப் பாடல்களை ட்ரம்ஸ் நீக்கப்பட்ட பின்னணி ட்ராக்குடன் வாசிக்க வேண்டும்.

ட்ராக்குக்குக் காது கிடையாது. நீங்கள் ஓடினாலும் தடுமாறினாலும் அது தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மாதக்கணக்கில் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு, பேஸ் கிட்டார் வரும்வரை காத்திருந்து கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) போடுவது, கிட்டார் கேட்ட பிறகு ஸ்னேர் (முன்னால் இருக்கும் கூர்மையான ஓசையுள்ள சிறிய ட்ரம்) அடிப்பது என்று ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. ஒவ்வொரு அடியும் மயிரிழை தாமதம். வாசிப்பவருக்கு இது தெரியாது, பாட்டு சரியாகப் போவதாகத்தான் தோன்றும். எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் காதில் அது நன்றாகவே விழும்.

இதற்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். ட்ராக்கை ஓடவிட்டு, வாசிக்கும்போதே நண்பரையோ தம்பியையோ சத்தத்தை முழுவதும் குறைக்கச் சொல்லுங்கள். நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, கழித்துத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். எங்கே போய் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு எட்டு பார், அப்புறம் ஒரு முழு வெர்ஸ். சத்தம் திரும்பும்போது ட்ராக்கும் நீங்களும் ஒரே இடத்தில் இருந்தால், உங்களுக்குள் சொந்தமாக ஒரு நடை ஓடுகிறது என்று அர்த்தம். மிருதங்கம் படித்தவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. பதினாறாம் நோட்டுகளை (ஒரு துடிப்பை நான்காகப் பிரிப்பது) வாய்க்குள் 'தகதிமி' என்றும் ட்ரிப்லெட்டை (மூன்றாகப் பிரிப்பது) 'தகிட' என்றும் சொல்லிக்கொண்டே வாசித்தால், பிடித்துக்கொள்ள வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாது. சொல்லில் வராத ஃபில் (ஒரு பகுதி முடியும் இடத்தில் வழக்கமான நடையை விட்டு அடிக்கும் சிறு துணுக்கு) கையில் சுத்தமாக வந்து நான் பார்த்ததில்லை.

எட்டாம் கிரேடு தாளில் சில இடங்களில் நோட்டே இருக்காது. 'ஃபில்' என்று மட்டும் போட்டிருக்கும், அல்லது இதே பாணியில் தொடரச் சொல்லியிருக்கும். இங்கேதான் பலர் தாங்கள் கற்ற வேகத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். ஃபில் எதற்கு வருகிறது? அடுத்த பகுதி வருகிறது, தயாராகுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வருகிறது. கோரஸ் பெரிதாக வெடிக்கப் போகிறதா, சத்தம் அடங்கப் போகிறதா என்பது அந்த ஒரு பாரிலேயே தெரிய வேண்டும். தேர்வறையில் அதைக் கேட்டு நடக்க ஆள் இல்லைதான். ஆனாலும் ஆள் இருப்பதாக நினைத்தே வாசியுங்கள். அடுத்த பகுதியின் முதல் அடியில் கிக்கும் கிராஷ் சிம்பலும் தெளிவாக வந்து இறங்கினால் சாதாரண ஃபில்லும் நல்ல ஃபில்தான்.

காது சோதனைக்கும் புதிய துண்டுக்கும் தினம் கொஞ்ச நேரம் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். புதிய துண்டைத் தயார் செய்யக் கொடுக்கும் நேரத்தில் எல்லா பாரையும் அடித்துப் பார்க்கப் போகாதீர்கள். நடையையும் கடினமான ஒரே ஒரு பாரையும் கண்டுபிடித்து அதை மட்டும் பாருங்கள். தேர்வு நாளில் ஸ்டூல் உயரத்தையும் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) இடைவெளியையும் உங்களுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். ட்ராக் சத்தம் போதாவிட்டால் கேளுங்கள்.

சரி, பேண்டுக்கு வருவோம்.

எல்லோரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்தால் என்ன நடக்கும்? பாட்டு மெதுவாகிவிடும். இதற்குக் காரணம் காற்றிலேயே இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடையில் உங்களுக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் 10 மீட்டர் இருந்தால், அந்தச் சத்தம் உங்களிடம் வர கிட்டத்தட்ட 30 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 துடிப்பு ஓடும் பாட்டில் ஒரு பதினாறாம் நோட்டின் நீளமே 125 மில்லிநொடிதான். அதில் கால்வாசி ஏற்கெனவே காற்றில் போய்விட்டது. கிட்டாரைக் கேட்டு நீங்கள் அடிக்க, உங்களைக் கேட்டு அவர் மீட்ட, இரண்டு சுற்றில் பாட்டு தொய்ந்துவிடும். ஆகவே நேரம் யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். மேடையில் எல்லோர் காதுக்கும் எட்டுகிற வாத்தியம் நம்முடையது என்பதால், பெரும்பாலும் அந்தப் பொறுப்பு நமக்கு வருகிறது.

பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவில் 1963 முதல் 2021இல் மறையும் வரை இருந்த ட்ரம்மர் சார்லி வாட்ஸ், கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைத்தான் பின்தொடர்வார். அந்தக் குழுவின் பேஸ் கலைஞராக இருந்த பில் வைமனே இதை விளக்கியிருக்கிறார். அவர்கள் வாசிப்பில் இருக்கும் அந்தத் தள்ளாட்டமான சுகம் அங்கிருந்து வருகிறது. இன்னொரு பக்கம் ஜாஸ் ட்ரம்மர் ஆர்ட் பிளேக்கி. ஜாஸ் மெசஞ்சர்ஸ் அவருடைய குழு. தனி வாசிப்பவர் உச்சத்துக்குப் போகும் நேரம் ஸ்னேரில் ஒரு பிரஸ் ரோலை (குச்சிகளை அழுத்தி இடைவிடாமல் எழுப்பும் ஓசை) உருட்டி, அவரை அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடுவார். ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் 1963இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேரும்போது வயது 17. எட்டாம் கிரேடு எழுதுகிற பிள்ளைகளின் வயது! முன்னால் இருப்பவர்கள் எல்லாம் பெரிய கலைஞர்கள், ஆனாலும் குழுவின் போக்கையே மாற்றினார். வயதைக் காரணம் காட்டி ஒதுங்கி வாசிக்கும் தம்பி தங்கைகளிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

இருந்தாலும் எனக்கு மிகச் சரியாகப் படுவது நம் கச்சேரி மேடையின் ஏற்பாடுதான். காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, தீர்மானிப்பது பாடுபவர். மிருதங்கக்காரர் அதை வாங்கிக்கொள்கிறார், வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவது அவர் கடமை. பாடகர் நிரவலில் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது) உணர்ச்சிவசப்பட்டுக் கொஞ்சம் ஓடினால்கூட, மிருதங்கம் கூட ஓடாமல் பிடித்து நிறுத்தும். சங்கதிக்கு (வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களுக்கு) இடம் விட்டு வாசிக்கும், அறுதிக்கு (முடிப்புக்கு) வரும்போது சேர்ந்து வந்து முடிக்கும். தனி ஆவர்த்தனத்தில் மேடை முழுக்க அவருடையது. கோர்வை (நிறைவாக வாசிக்கும் சொற்கட்டு) முடிந்ததும் பல்லவியின் எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) கொண்டுபோய்ப் பாடகர் கையில் பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஒரே கலைஞர், ஒரே மாலை, எத்தனை முறை முன்னால் போய்ப் பின்னால் வருகிறார் பாருங்கள். லீட் செய்கிற ட்ரம்மர் என்றும் ஃபாலோ செய்கிற ட்ரம்மர் என்றும் இரண்டு சாதி இருப்பதாக நான் நம்பவில்லை. பாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாற வேண்டிய வேலை இது.

எந்த இடம் என்பதுதான் கற்க வேண்டியது. சிங்கப்பூரில் தமிழ் பேண்டுக்குக் கிடைக்கிற மேடைகளை எடுத்துக்கொள்வோம்: கல்யாண வரவேற்பு, சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சி, பலதுறைத் தொழிற்கல்லூரி இந்தியக் கலாசாரக் குழுவின் விழா. மூன்றிலும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். தொடக்கம் நம்முடையது. குச்சியைத் தட்டி எண்ணுவதற்கு முன் பாட்டின் பல்லவியை, அதாவது பாடகர் வார்த்தைகள் நெருக்கமாக வரும் வரியை, மனதில் ஒருமுறை பாடிப் பாருங்கள். அந்த வரி மூச்சு முட்டாமல் வருகிற வேகம்தான் எண்ண வேண்டிய வேகம். இன்ட்ரோவை நினைத்து எண்ணினால் அநேகமாக வேகம் கூடிவிடும்.

பாட்டு நடுவில் பாடுபவரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மணமக்கள் கதவருகே வந்துவிட்டார்கள், இன்னும் உள்ளே நுழையவில்லை என்றால், பாடுகிற அக்கா பல்லவியைத் திரும்ப எடுப்பார். அதற்கு முன்பே மைக் பிடித்த கை லேசாக இறங்கி முகம் நம் பக்கம் திரும்பும். அதைப் பார்த்தவுடன் பெரிய ஃபில்லை நிறுத்திவிட்டு ஹை-ஹாட்டில் அதே நடையைத் தொடர வேண்டும். அந்த நேரத்தில் தீர்மானம் அவருடையது. ஆனால் அவர் தீர்மானித்ததைப் பேஸுக்கும் கீபோர்டுக்கும் சொல்வது நம் வேலை. அவர்களுக்கு அவர் முகம் தெரியாது, நம் சிம்பல் கேட்கும். பின்தொடர்வதும் நடத்துவதும் ஒரே பாருக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. முடிவு மறுபடி நம்முடையது. கடைசி அடியை யார் வெட்டுவது என்று ஒத்திகையிலேயே பேசிவைத்துவிடுங்கள்.

தபேலாவோ டோலக்கோ இருக்கிற மெலடிப் பாட்டில் ட்ரம்ஸ் ஒதுங்கிக்கொள்வதே அழகு. நடை தபேலாவுடையது. நாம் கிக்கையும் லேசான ஹை-ஹாட்டையும் அதன் அடியில் வைத்தால் போதும். குத்துப்பாட்டில் தவில் இருந்தால் தவிலுக்கு வழிவிடுங்கள். அங்கே போய் ஸ்னேரில் போட்டி போட்டால் இரண்டுமே கேட்காது. முன்பே பதிவு செய்த சீக்வென்ஸ் ட்ராக்கும், வேகத்தைக் காதில் எண்ணிக் காட்டும் க்ளிக்கும் ஓடும் பேண்ட் என்றால் கதை வேறு, கிட்டத்தட்ட மறுபடி தேர்வறைதான். அப்போது பாடகர் ட்ராக்கை விட்டு விலகினால் அவரைத் திரும்பக் கூட்டிவருவது, க்ளிக் கேட்கிற நம்மால் மட்டுமே முடியும். ஒன்றாம் அடியை அழுத்திக் காட்டினால் வந்துவிடுவார்.

உறுமி மேளம் வாசிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். கேட்பதற்கு முழுக்க முழுக்க மேளம்தான் கூட்டத்தை ஓட்டுகிறது என்று தோன்றும். ஆனால் அவர்கள் கண் ஆடுபவரின் காலிலேயே இருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்கிற நம் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. மின்னணு ட்ரம்ஸும் ஹெட்ஃபோனும் அக்கம்பக்கத்துக்கு நல்லது, தரையில் கனமான விரிப்பும் போட்டால் கீழ்வீட்டுக்காரரும் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஹெட்ஃபோனுக்குள் உங்கள் சத்தத்தை நீங்களே ஏற்றி இறக்கிக்கொள்கிறீர்கள். பாடுபவர் குரல் எழும்பும்போது கையைக் குறைப்பது அங்கே பழகவே பழகாது. தேர்வுக்கு முன்பும்கூட, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஜாமிங் ஸ்டூடியோவில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போய் உங்கள் தேர்வுப் பாடலை ஆளோடு வாசியுங்கள். பேஸ் வாசிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் இருந்தாலே போதும். பேஸ் வாசிப்பவரிடம் வேண்டுமென்றே சில இடங்களில் அவசரப்படச் சொல்லுங்கள், சில இடங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் எப்போது செய்வார் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முழுவதையும் ஃபோனில் பதிவு செய்து, வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலிலேயே கேட்டுப் பாருங்கள். அவர் அவசரப்பட்ட இடங்களில் நீங்கள் கூடவே ஓடினீர்களா, பிடித்து நின்றீர்களா என்று குறித்துவைத்து, அடுத்த முறை அந்த பார்களிலிருந்தே தொடங்குங்கள்.