பூர்வீக ஊருக்குப் போய் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு

ஊரில் இறங்கியதும் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போகாதீர்கள். வெளியூர் ஆள் பழைய பட்டாவைக் கேட்கிறார் என்றால், சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். அப்புறம் பெரியவர்கள் வாய் திறப்பது கஷ்டம்.

முதலில் குலதெய்வக் கோயில். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா கோயில் என்றால் பங்குனி உத்திரத்துக்குப் போங்கள். மதுரை, தேனிப் பக்கம் பெரும்பாலும் மாசி சிவராத்திரி. ஊரை விட்டுப் போன பங்காளிகளும் அன்றைக்கு வருவார்கள். கோயில் வரி பிரிக்கிறவரிடம் இருக்கும் தலைக்கட்டு நோட்டை, அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியலைப் பார்த்தாலே பாதிக் கிளை தெரிந்துவிடும்.

படிக்கல், விளக்குத்தூணில் 'உபயம்' என்று வெட்டியிருக்கும் பெயர்களையும் விடக்கூடாது. எழுத்து தேய்ந்திருந்தால் சுண்ணாம்பு தடவ வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் தானாகத் தெளியும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல்தான். விக்ருதி என்பது 1890-ஆ, 1950-ஆ? பழைய வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டில் அந்தத் தொல்லை இல்லை. ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும்.

பலரும் வழுக்கி விழுவது பெயரில். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீட்டில் சுடலை த/பெ முருகன், முருகன் த/பெ சுடலை, மறுபடி சுடலை த/பெ முருகன் என்றே ஓடும். தகப்பன் பெயரைப் பார்த்துக்கூட முதல் தலைமுறைச் சுடலையா மூன்றாம் தலைமுறைச் சுடலையா என்று பிரிக்க முடியாது. வருஷத்தையும் மனைவி பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கடைசியில். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும், அதற்கும் சர்வே எண் வேண்டும். அதற்கு முந்தையதைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் தேட வேண்டியிருக்கும். அங்கே இன்டெக்ஸ் 1 பெயர்வாரியானது. 1908 பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அலுவலகம் பிரிந்திருந்தால் பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்தில் இருக்கக்கூடும். உங்கள் ஊர் முன்பு எதில் சேர்ந்திருந்தது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நகல் கிடைத்ததும் எல்லோரும் கிரயத் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் பாருங்கள். பாகம் பிரித்த நிலத்தில் வடக்கு எல்லைக்காரரும் தெற்கு எல்லைக்காரரும் பல நேரம் கூடப்பிறந்தவர்களாகவே இருப்பார்கள்.