பட்டாளத்திலிருந்து வந்தவர் ராத்திரி அலறி எழுந்தால்

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு அபூர்வம். 1987-இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர்கள், 1999-இல் கார்கிலில் நின்றவர்கள், காஷ்மீரில் வருடக்கணக்காக ரோந்து சுற்றியவர்கள் எல்லாம் இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ராத்திரி அலறி எழுகிறார்கள், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கமாட்டார்கள், எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சுவரோடு ஒட்டி வாசலைப் பார்த்தே உட்காருவார்கள். “மிலிட்டரிக்காரர் குணம்” என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். இது குணம் இல்லை. போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் பி.டி.எஸ்.டி. என்கிற, வைத்தியம் உள்ள மனநோயாக இருக்கலாம்.

வீட்டார் முதலில் செய்கிற தவறு, “அங்கே என்னதான் நடந்துச்சு?” என்று கிண்டிக் கேட்பது. அதை வெளியே எடுக்கிற வேலைக்குப் பயிற்சி வேண்டும். வீட்டின் வேலை தூக்கத்தில் தொடங்குகிறது.

கெட்ட கனவில் புரள்பவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். அந்த நொடியில் உடம்பு அவரைப் போர்முனையிலேயே வைத்திருக்கிறது. தொட்ட கை எதிரியின் கையாகிவிடும். கழுத்தைப் பிடித்துவிட்டு, விழித்ததும் அழுகிறவர்கள் உண்டு. கட்டிலின் கால்பக்கம், அவர் கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போடுங்கள். சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள்: “நான்தாங்க. நம்ம வீட்லதான் இருக்கீங்க. மணி மூணு.” கண் தெளிந்த பிறகு தண்ணீர் கொடுக்கலாம். கனவைப் பற்றி அப்போது கேட்க வேண்டாம். எழுப்பக் குழந்தையை அனுப்பவே கூடாது. கொஞ்ச நாள் தனிக்கட்டிலில் படுப்பது உறவு முறிந்ததற்கு அடையாளம் இல்லை. இரண்டு பேருக்கும் அது பாதுகாப்பு.

பகலில் பின்னாலிருந்து போகும்போது நாலடி தூரத்திலேயே குரல் கொடுங்கள். சத்தத்தைவிட எதிர்பாராத சத்தம்தான் ஆளை உலுக்கும். தமிழ்நாட்டில் தீபாவளி வெடிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் அதைக் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை தீரும். வீட்டு வாசலில் போய் அன்பாகச் சொன்னால் கேட்பார்கள். சாவு ஊர்வல வெடிக்கு நேரம் கிடையாது. தெருவில் சாவு விழுந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் எரிந்து விழுகிறவருக்குக் காதையும் சோதித்துப் பாருங்கள். வெடிச்சத்தத்தில் காது மந்தமானவரை “முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கிறாரு” என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது மிலிட்டரி கேன்டீனில் வாங்கும் மதுபாட்டில். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், ஆனால் பின்னிரவில் தூக்கம் கிழிந்துபோகும், கனவும் கூடும். அதற்காகப் பாட்டிலைக் கொட்டிக் கவிழ்க்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கைநடுக்கமும் வியர்வையும் வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் நினைவு தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும். உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வைத்தியத்துக்கு வழி, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ்.-இன் பாலிகிளினிக். அங்கே ரெஃபரல் வாங்கிக்கொண்டு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போவதற்கு முன் 14 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எத்தனை தடவை எழுந்தார், எவ்வளவு குடித்தார், எதற்குத் திடுக்கிட்டார். டாக்டர் கேட்டால் “நல்லா இருக்கேன் சார்” என்றுதான் அவர் சொல்வார்; நோட்டு நிஜத்தைச் சொல்லும். டிஸ்சார்ஜ் காகிதங்களில் மெடிக்கல் கேட்டகரியையும் பாருங்கள். ‘ஷேப்’ (SHAPE) என்கிற உடல்-மனத் தகுதிக் குறியீட்டில் முதல் எழுத்தான எஸ் மனநிலையைக் குறிக்கும்; 1 என்றால் முழுத் தகுதி. அதில் 1 இல்லாமல் 2, 3 என்று இருந்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். எஸ்-1 என்று இருப்பதாலேயே ஒன்றுமில்லை என்று ஆகாது. கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு போய்விடும் என்று சர்வீஸில் மறைத்தவர்கள் நிறையப் பேர். வெளியே வந்து பல வருஷம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

செர்ட்ராலின் போன்ற மாத்திரை வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல” என்று விடுவதுதான் வழக்கமான தோல்வி. மாத்திரையால் தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, பாதியில் விடுவதற்கு இன்னொரு காரணம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் அவரே நிறுத்திவிடுவார். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். கெட்ட கனவுக்கு, பிரஷரையும் குறைக்கிற பிரசோசின் எழுதினால், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை அவசியம் சொல்லுங்கள். முதல் மாத்திரை போட்ட ராத்திரி எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். பேச்சு வழிச் சிகிச்சை பொதுவாக 8 முதல் 15 அமர்வு. ஆரம்பத்தில் சிலருக்குக் கனவு கூடும், நிறையப் பேர் அங்கேதான் பயந்து விலகுகிறார்கள். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் கூடவே போய்வருவது பெரிய உதவி.

“சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பேங்க் செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பூச்சிமருந்தை வீட்டிலேயே வைக்காதீர்கள். முயற்சி நடந்துவிட்டால் கேஸ் ஆகுமென்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்: 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த எண்ணுக்கு மனைவியும் தன் பெயரிலேயே கூப்பிடலாம். வருஷக்கணக்காக அரைத்தூக்கம் தூங்குகிற அவருக்கும் இ.சி.ஹெச்.எஸ். கார்டு உண்டு. கணவரை அழைத்துப் போகிற அன்றைக்கே தனக்கும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளலாம்.