ஏழாவது எதிரியாக ஐந்தரை வருடம்

2022 செப்டம்பரில் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் மீது குற்ற வழக்கு இருக்கிறது, விண்ணப்பத்தில் ஏன் மறைத்தீர்கள், விளக்கம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். திண்டுக்கல் பக்கம் ஓர் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகத்தான் பாஸ்போர்ட்டுக்கே எழுதிப் போட்டேன். வேறு யாருக்கோ வர வேண்டிய கடிதம் என்று நினைத்தேன். கீழே குற்ற எண்ணும் 2017 என்ற வருடமும் இருந்தன. வருடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் 1 முதல் சாலையோரக் கடைகளை மூடி, அவற்றை ஊருக்குள் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அந்தக் கோடை முழுக்கத் தமிழ்நாட்டில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை டிவியில் பார்த்துக் கொதித்துப் போயிருந்தோம். அடுத்த மாதமே எங்கள் தெருவுக்கும் கடை வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி அது. ஒரு காலையில் நாங்கள் 11 பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தோம். கல் எடுக்கவில்லை, ஒரு பாட்டிலைத் தொடவில்லை.

பதினோரு மணிக்கு வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு பெண் காவலர் நீளமான வெள்ளைத் தாளோடு வந்து பெயர், கணவர் பெயர், வயது, தெரு என்று வரிசையாக எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு "எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்கள். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். நாலு மாதத்தில் கடையும் வேறு இடத்துக்குப் போனது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நம்பித்தான் விண்ணப்பத்தில் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதினேன். அந்தத் தாள்தான் எஃப்.ஐ.ஆரின் எதிரிகள் பட்டியல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியல், என்பது எனக்குத் தெரியாது.

முதலில் ஸ்டேஷனுக்குப் போனேன். "பழைய கேஸும்மா, சார்ஜ் ஷீட்டே போடல, நீங்க ஏன் கவலைப்படுறீங்க" என்றார் ரைட்டர். போடவில்லை என்றால் முடித்துவிடுங்களேன் என்றேன். ஐயா வந்தால் கேளுங்கள் என்றார். நாலு தடவை போனேன். நாலு தடவையும் ஐயா பந்தோபஸ்தில் இருந்தார்.

அப்புறம்தான் தெரிந்த வக்கீல் தம்பியிடம் போனேன். கடிதத்தில் இருந்த குற்ற எண்ணை வைத்து எஃப்.ஐ.ஆரை எடுத்துவிட்டார். எஃப்.ஐ.ஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. சில வகை வழக்குகளுக்கு மட்டும்தான் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் ஸ்டேஷன், வருடம், எண் கொடுத்துத் தேடலாம். இது தெரியாமல் நாலு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன்.

அந்தத் தாள்களில் நான் ஏழாவது எதிரி. "சட்டவிரோதமாகக் கூடி, பொதுமக்களுக்கும் போக்குவரத்துக்கும் இடையூறு விளைவித்து" என்று எழுதி, இந்திய தண்டனைச் சட்டம் 143, 341, 188 பிரிவுகளைப் போட்டிருந்தார்கள். என் வயதை எட்டு வருடம் கூட்டி எழுதியிருந்தார்கள். எதிரி என்ற சொல்லுக்கு நேரே என் பெயர் இருந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

புகார் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், எங்களைப் பிடித்த அதே எஸ்.ஐ. மது விற்கும் கடை அரசுடையது. புகார்தாரர் அரசு ஊழியர், பிடித்தது அரசின் போலீஸ், வழக்கை முடிக்காமல் வைத்திருந்ததும் அவர்களே. இத்தனையும் ஒரே கையில் இருந்தால் குடிமகன் எங்கே போய் நிற்பது? எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. 2017-ல் இருந்த ஆட்சி போய் வேறு ஆட்சி வந்துவிட்டது, கோப்பு மட்டும் அதே அலமாரியில் இருந்தது. அதனால்தான் இது ஒரு கட்சியின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அரசு தன்னைக் கேள்வி கேட்டவர்கள் கழுத்தில் ஒரு மெல்லிய கயிற்றைப் போட்டு வைக்கிறது. என்றைக்கு இழுக்கலாம் என்பது அதன் விருப்பம்.

வக்கீல் சொன்னதைக் கேட்டபோது ஆத்திரம் இன்னும் கூடியது. "அக்கா, இந்த மூணுமே ஆறு மாசத்துக்கு மேல தண்டனை இல்லாத பிரிவு. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட் கோப்புல எடுக்கணும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468 அதைத்தான் சொல்லுது." அதாவது 2018-க்குப் பிறகு இந்த வழக்கை எந்த நீதிமன்றமும் சாதாரணமாக எடுத்திருக்க முடியாது. விசாரிக்கவே முடியாத வழக்கை வைத்துக்கொண்டுதான் என் பாஸ்போர்ட்டை நிறுத்தினார்கள்.

அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் 188 பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது. சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில், ஜீவானந்தம் என்பவர் போட்ட மனுவில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். போராடக் கூடியதாலேயே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தீர்ப்புதான் சாவி.

இரண்டு வேலை செய்தோம். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு பதில் அனுப்பினோம்: பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(f) குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருப்பதைத்தான் சொல்கிறது, வெறும் எஃப்.ஐ.ஆர். அதில் வராது, குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை, வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது என்று. இன்னொரு பக்கம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-ன் கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி மதுரைக் கிளையில் மனு. வக்கீல் தம்பி 12,000 ரூபாய் கேட்டார். தெருவில் எங்களில் ஆறு பேர் பிரித்துப் போட்டோம். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு அக்காவுக்குக் கை நடுங்கியது. மறுபடியும் பேரை எழுதுகிறார்களே என்று பயந்தார்.

மூன்றாவது வாய்தாவில், 2023 பிப்ரவரியில், உத்தரவு கிடைத்தது. மனு போடாத மற்றவர்களுக்கும் சேர்த்தே எஃப்.ஐ.ஆர். ரத்து. நான் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போகவில்லை, தையல் மெஷினில்தான் இருந்தேன். போன் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உத்தரவு வந்ததோடு வேலை முடியாது. சான்றிட்ட நகல் வாங்கி, ஸ்டேஷனிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் வழக்கு அப்படியே நிற்கும், அடுத்த சரிபார்ப்பிலும் அதே பதில்தான் போகும். எங்களுக்கு இதற்கே ஒரு மாதம் ஆனது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் எண்கள் மாறியிருக்கும்: 188 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 223, 143 என்பது 189(2), 341 என்பது 126(2). ரத்து மனு புதிய நடைமுறைச் சட்டத்தின் 528-ன் கீழ், கால வரம்பு அதே சட்டத்தின் 514-ல். தெருவில் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போய் வந்தவர்கள், வருடம் எத்தனை ஆனாலும் சரி, ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஏப்ரலில் பாஸ்போர்ட் வந்தது. மகளுக்கு மார்ச்சிலேயே பிரசவம் ஆகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு ஐம்பது நாள்.

கிளம்புவதற்கு முன் உத்தரவைப் பதினோரு நகல் ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். இரண்டாவது எதிரியும் ஒன்பதாவது எதிரியும் இடைப்பட்ட வருடங்களில் இறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் கொடுத்தேன். ஒன்பதாவது எதிரியின் மகன் வாசலில் நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.