மருந்து குடிச்சியா?

போன மாசம் ஒரு இருமல் வந்து ஒரு வாரம் படுத்தி எடுத்திருச்சு. பக்கத்து சீட்ல ஒரு தெலுங்கு நண்பர், என்னாச்சு முகமே சரியில்லையேன்னு கேட்டார். எனக்கு தெலுங்கு அரைகுறையாத் தெரியும், தெரிஞ்சதக் காட்டலேன்னா தூக்கம் வராது. அதனால "மந்து தாகி படுகோவாலி"ன்னு ஒரு போடு போட்டேன். மருந்து குடிச்சிட்டுப் படுக்கணும், அவ்வளவுதான் என் கணக்கு. மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார், நாலு பேரக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லி சிரிக்கிறார். அப்புறம்தான் விளங்குச்சு. மந்துன்னா மருந்துதான், அதுல சந்தேகமில்ல, ஆனா பேச்சு வழக்குல 'மந்து தாகறது'ன்னா சரக்கடிக்கிறது. உடம்புக்கான மந்த 'வேசுகோ'ணுமாம். நான் இருமலுக்கு குவார்ட்டர் அடிச்சிட்டு தூங்கப் போறேன்னு ஆபீசுக்கே அறிவிச்சிருக்கேன்.

சரி, அவங்க மந்து அப்படி, நம்ம மருந்து மட்டும் ரொம்ப யோக்கியமான்னு யோசிச்சுப் பார்த்தேன். இல்ல.

"மருந்து குடிச்சியா?"ன்னு அம்மா கேட்டா அது அக்கறை. "மருந்தக் குடிச்சிட்டானாம்"னு யாராவது வந்து சொன்னா வயித்தக் கலக்கும், எந்த மருந்துன்னு ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டோம். ரெண்டுலயும் அதே மருந்து, அதே குடி. ஏன்னா பயிருக்கு அடிக்கிறதும் நமக்கு மருந்து, எலிக்கு வைக்கிறதும் எலி மருந்து. எலிக்கு அதுல என்ன சீக்கு தீரப் போகுது? பூச்சிக்கொல்லின்னு ஒளிவுமறைவு இல்லாத ஒரு சொல் எழுத்துல இருக்கு, ஆனா வயல்ல யாரும் "கொல்லி அடிச்சாச்சா"ன்னு கேட்டு நான் பார்த்ததில்ல, "மருந்தடிச்சாச்சா"தான். பயிர் பக்கம் நின்னு வச்ச பேரு போல, பூச்சிகிட்ட யாரும் கேக்கல.

என் கணிப்பு என்னன்னா, மருந்துங்கற சொல்லுக்குத் தனியா நல்லது கெட்டது கிடையாது, இந்தக் 'குடி'ய விட்டுட்டுப் பாத்தா பின்னாடி வர்ற வினைச்சொல்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது. புண்ணுக்கு மருந்து போடலாம், கட்டலாம், கண்ணுக்கு விடலாம், எல்லாம் நல்லதுதான். ஆனா 'வை' வந்து ஒட்டிக்கிச்சுன்னா கதையே வேற. "யாரோ மருந்து வச்சிட்டாங்க"ன்னா அது சோத்துல கலந்து குடுக்கிற இடுமருந்து, வசிய மருந்து சமாச்சாரம். மகன் பொண்டாட்டி பேச்சக் கொஞ்சம் கேட்டாப் போதும், "அவ என்னத்தையோ மருந்து வச்சு மயக்கிட்டா"ன்னு மாமியார் தீர்ப்பு சொல்லிருவாங்க (பையன் சுயபுத்தியோட கேட்டிருப்பான்ங்கற சந்தேகமே யாருக்கும் வராது). வச்ச மருந்த எடுக்கிறேன்னு கிளம்புற ஆளுங்களும் உண்டு, வயித்துலேர்ந்து என்னமோ ஒரு உருண்டைய எடுத்துக் காமிச்சு காசு பாத்துருவாங்க, சுத்த ஏமாத்து. இதே 'எடு'வ இலங்கைத் தமிழர் சொன்னா அர்த்தம் வேற, அங்க "மருந்து எடுக்கப் போறன்"னா டாக்டரப் பாத்து மருந்து வாங்கப் போறாருன்னு அர்த்தம். நம்மூர் ஆள் யாராவது பதறிப்போய் உனக்கு யாரு வச்சதுன்னு கேட்டாலும் கேப்பாங்க.

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது வெடிமருந்துதான். ஆளைக் கொல்ற தூளுக்குப் போய் மருந்துன்னு பேர் வச்சிருக்கோமேன்னு. நாம மட்டும் இல்ல, மலையாளத்துல வெடிமருந்நு, கன்னடத்துல மத்துகுண்டு, தெலுங்குல மந்துகுண்டு (இந்த ரெண்டுலயும் மருந்தோட குண்டும் சேந்திருக்கு), அக்கம்பக்கத்துல எல்லாருமே மருந்தத்தான் துப்பாக்கிக்குள்ள போட்டிருக்கோம். இதுல பெரிய வேடிக்கை சீனம். வெடிமருந்துக்கு அவங்க சொல் ஹுவோயாவ், அதாவது நெருப்பு மருந்து. இது வெறும் பேரு இல்ல, 9-ம் நூற்றாண்டு வாக்குல அங்க இருந்த ரசவாதிங்க சாகாம இருக்கிறதுக்கு மருந்து தேடி கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து கலந்து பாத்தப்பதான் அந்தத் தூளு பத்திக்கிச்சுன்னு சொல்றாங்க. சாவுக்கு மருந்து தேடப் போனவங்க கையில சாவே மருந்தா வந்து நின்னிருக்கு.

சாவா மருந்துன்னதும் வள்ளுவர் வந்துருவார், தவிர்க்க முடியாது. 82-வது குறள்ல, விருந்தாளி வெளியில நிக்க நீ மட்டும் உள்ள உக்காந்து சாப்பிடறது, அது சாவா மருந்தாவே இருந்தாலும் வேண்டாம்னு சொல்றார். அங்க மருந்துன்னா அமிழ்தம். எலி மருந்துலேர்ந்து அமிழ்தம் வரைக்கும் ஒரே சொல்லு தாங்குது பாருங்க. ஆனா மருந்துன்னே பேர் வச்ச 95-வது அதிகாரத்தப் புரட்டினா ஒரு வேரோ இலையோ பேருக்குக்கூட இல்ல. முன்ன சாப்பிட்டது செரிச்சுதான்னு பாத்துட்டு சாப்பிட்டா மருந்தே வேண்டாம்ங்கறார். மெடிக்கல் ஷாப்புக்குள்ள போனா கடைக்காரரே வீட்டுக்குப் போய் பசிச்சா மட்டும் சாப்பிடுங்கன்னு அனுப்பி வைக்கிற மாதிரி. கடைசிக் குறள்ல இன்னொரு வேலை: நோயாளி, தீர்க்கிற வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து பாத்துக்கிறவர், இந்த நாலும் சேர்ந்தாத்தான் 'மருந்து'ன்னு முடிக்கிறார். நாலுல ஒண்ணா வர்ற மருந்து பொருளு, கடைசியில வர்ற மருந்து வைத்தியம் மொத்தமும். நர்ஸுக்கும் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிற வீட்டு ஆளுக்கும் அப்பவே இடம் போட்டு வச்சிருக்கார், எனக்கு அதிகாரத்துலயே பிடிச்சது அதுதான்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், இது வினைச்சொல் கணக்குல வராது. "வீட்ல சர்க்கரை மருந்துக்குக்கூட இல்ல", "அவன்கிட்ட மரியாதை மருந்துக்கும் கிடையாது". இங்க மருந்துன்னா அளவு. மருந்துல சேக்கிற அந்த ஒரு சிட்டிகைகூட இல்லன்னு சொல்றோம். மாத்திரையும் இதே கதைதான், அதுக்கும் அடிப்படை அர்த்தம் அளவுதான், அதனாலதான் இலக்கணத்துலயும் அது வந்து உக்காந்திருக்கு. பள்ளிக்கூடத்துல தமிழய்யா குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைன்னு நடத்திட்டிருந்தப்ப கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா அய்யா"ன்னு கேட்டான். அன்னிக்கு முழுக்க வெளியில நின்னான், கூட சிரிச்ச குத்தத்துக்கு நானும்.